மடிக்கணினியைத் திறந்து பார்த்தோம்



கல்லிடைக்குறிச்சியில் நம் மக்கள் வாழும் தெருக்களில் ஏறத்தாழ வீட்டுக்கு வீடு ஒரு மடிக்கணினி இருக்கிறது. பெரும்பாலும் அது மேசைமீது இருப்பதில்லை. பீரோவின் மேலே, பழைய பெருநாள் துணிகளுக்கு அடியில், வந்த பையிலேயே கிடக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக வந்தவை இவை. அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்ய, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பு படித்த பிள்ளைகளின் கைக்கு அவை வந்து சேர்ந்தன. பத்தாண்டுக்குள் தமிழகம் முழுவதும் வழங்கப்பட்டவை 50 லட்சத்திற்கும் மேல். பீடி சுற்றியும் அப்பளம் இட்டும் பிழைக்கும் குடும்பங்களில் வீட்டுக்குள் நுழைந்த முதல் கணினி பெரும்பாலும் இதுவே.

இன்று அவற்றைப் பற்றிக் கேட்டால் கிடைக்கும் விடை ஒன்றுதான்: "அது கெட்டுப்போச்சு." தையல் இயந்திரம் நின்றுபோனால் நம் வீட்டுப் பெண்கள் இப்படிச் சொல்வதில்லை. பாபினில் நூல் சிக்கியதா, ஊசி முறிந்ததா, வார் தளர்ந்ததா என்று பார்த்துச் சொல்வார்கள். மிக்சி ஓடாவிட்டால் கார்பன் தேய்ந்திருக்கும் என்பார்கள். மடிக்கணினி மட்டும் உள்ளே பாகங்களே இல்லாத ஒரு பொருளைப் போல வாழ்ந்து, முழுதாக ஒரே நாளில் மடிந்துவிடுகிறது. கடைக்காரர் சொல்வதே அதற்குத் தீர்ப்பு. இந்த அறியாமைக்கு நாம் கொடுக்கும் விலை சிறியதன்று. சில குடும்பங்கள் அதைத் தவணையாகவும் வட்டியாகவும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் ஒரு தாயார் மத்ரஸா வாசலுக்கு வந்தார். பீடி சுற்றிக் குடும்பம் நடத்துபவர். மூத்த மகன் பிளஸ் டூ படித்தபோது வாங்கிய அரசு மடிக்கணினியை, அவன் சவூதிக்குப் போனபின், கல்லூரியில் படிக்கும் தங்கை பயன்படுத்தி வந்தாள்.

"அசரத், தொறந்தா கால் மணி நேரம் சுத்திக்கிட்டே கெடக்கு. புள்ள அழுவுது. கடையில போர்டே போயிட்டுன்னு சொல்லுதாங்க. தவணையில புதுசு தாரோம், வட்டி கெடையாதுங்காங்க. எடுக்கலாமா?"

வட்டியில்லாத் தவணை என்று விளம்பரம் செய்யப்படுவனவற்றின் உள்விவரம் தனியாக எழுதப்பட வேண்டியது. 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி, இத்தகைய பூஜ்ய வட்டித் திட்டங்களில் வட்டியானது செயல்முறைக் கட்டணம் என்ற பெயரில் மறைக்கப்படுவதை வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறோம். அந்தத் தாயாரிடம் நாம் சொன்னது வேறு. அவருடைய கேள்வியில் இரண்டு கேள்விகள் இருந்தன. வாங்கலாமா என்பது பின்னது. வாங்கித்தான் ஆக வேண்டுமா என்பது முன்னது. முன்னதற்கு விடை தெரியாமல் பின்னதற்கு ஃபத்வா தேடுவது முறையாகாது. அதற்கும் மேலாக, கால் மணி நேரம் கழித்தாவது அது திறக்கிறது என்கிறார். போர்டு செத்துப்போன கணினி ஒரு நாள் காத்திருந்தாலும் திறக்காது. ஆகவே, "உம்மா, ஞாயித்துக்கிழமை லுஹருக்குப் பொறவு அதைக் கொண்டு வாங்க. தொறந்து பார்ப்போம்" என்றோம்.

நம்மிடம் குர்ஆன் ஓதி முடித்து, பின்னர் தொழிற்பயிற்சி பெற்று, அம்பாசமுத்திரத்தில் சிறிய பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவரை அழைத்தோம். ஆற்றுப்பாலத்தைக் கடந்தால் வந்துவிடும் தூரம். மத்ரஸாத் தாழ்வாரத்தில் பத்தமடைப் பாயை விரித்து, அந்தத் தாயும் மகளும் ஒருபுறம் இருக்க, பிள்ளைகள் சுற்றி அமர, மடிக்கணினியைக் கவிழ்த்து வைத்தோம்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அல்காரிதம் என்னும் சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது என்று மேடைதோறும் பேசுகிறோம். உண்மைதான். ஆனால் அதே மரபில் வந்த அல்ஜஸரி, 1206-இல் எழுதி முடித்த தம் நூலில், நீர்க் கடிகாரங்களையும் பிற பொறிகளையும் பாகம் பாகமாக வரைந்து, படிப்பவர் தாமே செய்துகொள்ளும்படி செய்முறையையும் எழுதிவைத்தார். அல்குவாரிஸ்மியின் பெயரைச் சொல்ல ஒலிபெருக்கி போதும். அல்ஜஸரியின் வழியில் போக ஸ்க்ரூடிரைவர் வேண்டும்.

திறப்பதற்கு முன் தம்பி சார்ஜரைக் கழற்றினார், பேட்டரியையும் எடுத்தார், பின் பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தை வடியவிட்டார். தம் கையை ஒருமுறை ஜன்னல் கம்பியில் வைத்துவிட்டே உள்ளே தொட்டார். உடலில் தங்கும் நிலைமின்னூட்டம், நமக்குத் தெரியாமலேயே ஒரு சில்லைக் கொன்றுவிடும் என்றார். கழற்றிய திருகாணிகளைக் காகிதத்தில் கணினியின் வடிவம் வரைந்து, எடுத்த இடத்திலேயே வரிசையாக வைத்தார். அவை எல்லாம் ஒரே நீளமல்ல. குட்டைத் திருகாணியின் குழியில் நெட்டையைப் போட்டு முடுக்கினால் அது உள்ளிருக்கும் போர்டைக் குத்தும். அடிமூடி விலகியதும் ஒரு சிறுவன், "இவ்வளவுதானா அசரத்?" என்றான்.

இவ்வளவுதான். பெரும்பகுதி வெற்றிடத்தையும் பேட்டரிக் குழியையும் கழித்துவிட்டால், எல்லாவற்றையும் தாங்கியிருப்பது ஒரு தகடு. அதுவே மதர்போர்டு. ஒரே தகடாகத் தோன்றினாலும் அது செப்புக் கோடுகள் ஓடும் பல அடுக்குகளை ஒட்டிச் செய்தது. கன்னடியன் கால்வாயிலிருந்து மடை மடையாகத் தண்ணீர் பிரிவதை நம் பிள்ளைகள் கண்டிருக்கிறார்கள். அதைச் சொன்னவுடன் புரிந்துகொண்டார்கள். சார்ஜரிலிருந்து 19 அல்லது 20 வோல்ட்டில் நுழையும் மின்சாரம், இந்தத் தகட்டில் 5 வோல்ட்டாகவும் 3.3 வோல்ட்டாகவும், பிராசசரை அடையும்போது ஏறத்தாழ 1 வோல்ட்டாகவும் குறைக்கப்படுகிறது. "போர்டு போச்சு" என்று சொல்லப்படும் இடங்களில் பலமுறை போயிருப்பது இந்த மடைகளுள் ஒன்றுதான். கடுகளவு உதிரி ஒன்று குறுக்குச்சுற்று ஆகியிருக்கும். அதை மட்டும் மாற்றத் தெரிந்தவர்கள் திருநெல்வேலியில் இருக்கிறார்கள். முழு போர்டையும் மாற்றச் சொல்வது எளிது. அதனால்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

பிராசசர் நேரடியாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. அதன்மேல் ஒரு செப்புக் குழாய் படிந்து, ஓரத்திலிருந்த காற்றாடி வரை சென்றது. அந்தக் குழாய்க்குள் சிறிதளவு திரவம் இருக்கிறது. சூடான முனையில் அது ஆவியாகி, குளிர்ந்த முனைக்குச் சென்று, வெப்பத்தை விட்டுவிட்டு மீண்டும் திரவமாகித் திரும்புகிறது. மின்சாரமும் மோட்டாரும் இல்லாமல் இந்தச் சுழற்சி ஓயாமல் நடக்கிறது. பிராசசரின் அறிவைப் பற்றி நாம் மிகையாக எண்ணுகிறோம். அது செய்வன கூட்டுதல், ஒப்பிடுதல், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு எண்ணை நகர்த்துதல் போன்ற எளிய வேலைகளே. 2.5 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால் விநாடிக்கு 250 கோடித் துடிப்புகள் என்று பொருள். இவ்வளவு வேகமாகத் துடிப்பதனால் அது சுடுகிறது.

காற்றாடியைக் கழற்றியபோது அந்தத் தாயார் நாணித் தலை குனிந்தார். காற்று வெளியேறும் மெல்லிய உலோக இதழ்களை அடைத்துக்கொண்டு, கம்பளித் துண்டு போல, பழுப்பு நிறத்தில் ஒரு படலம். பீடித் தூள். இலை நறுக்கும் முறத்திற்குப் பக்கத்திலேயே மகள் தரையில் அமர்ந்து படித்திருக்கிறாள். இதில் நாண என்ன இருக்கிறது? அப்பளம் இடும் வீட்டுக் கணினியில் உளுந்து மாவு இருக்கும். நம் உழைப்பு எதுவோ அதன் தூசியே நம் கருவிக்குள் இருக்கும். அதைத் துலக்கிவிட்டால் போதும். தூசி அடைத்தால் வெப்பம் வெளியேறாது. வெப்பம் ஓர் அளவைத் தாண்டினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைக்கும். அதற்கும் மேல் போனால் கணினி அணைந்துவிடும். தம்பி பழைய காய்ந்த வெப்பப் பசையைத் துடைத்து, பிராசசரின்மேல் புதிதாக ஒரு பயறளவு வைத்தார். மெத்தைமீதும் தலையணைமீதும் வைத்துப் படிப்பதை மட்டும் விட்டுவிடும்படி அந்தப் பெண்ணிடம் சொன்னார். காற்றை உள்ளிழுக்கும் துளைகள் அடிப்பக்கம் இருக்கின்றன. ஒரு பலகையோ பரீட்சை அட்டையோ அடியில் இருந்தால் போதும்.

அடுத்து ராம். விரல் நீளத்திற்கு ஒரு பட்டை. இரு பக்கக் கொக்கிகளை விலக்கினால் சாய்ந்து எழும்பி வந்துவிடுகிறது. "மெமரி" என்று பெயர் கேட்டதும் பிள்ளைகள், "அப்போ இதுதான் கணினியோட ஹாஃபிழா?" என்றார்கள். நல்ல கேள்வி. நினைவில் நிலைநிறுத்தும் வேலை இதற்கில்லை. மின்சாரம் போனால் இதில் ஒன்றும் மிஞ்சாது. இது ரிஹாலைப் போன்றது. அலமாரியில் நூறு கிதாபுகள் இருக்கலாம். இப்போது ஓதுவது எதுவோ அதுவே ரிஹாலில் விரிந்திருக்கும். ரிஹால் சிறிதாக இருந்தால் ஒன்றை எடுத்துவைத்துவிட்டுத்தான் மற்றொன்றை விரிக்க வேண்டும். அதற்கே நேரம் போய்விடும். அந்தக் கணினியில் இருந்தது 4 ஜிபி. இன்றைய உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்தாலே நிறைந்துவிடும் ரிஹால் அது. பக்கத்தில் இன்னொரு குழி காலியாகவே இருந்தது. வாங்கியநாள் முதல் காலியாக இருந்திருக்கிறது. அதை யாரும் அந்த வீட்டாருக்குச் சொன்னதில்லை.

ஆயினும் ஹாஃபிழ் என்ற அந்த ஒப்புமையில் ஓர் உண்மை இருந்ததைத் தம்பி சொன்னபோது நாமும் வியந்தோம். ராமின் ஒவ்வொரு சிற்றறையிலும் இருப்பது ஒரு துளி மின்னூட்டம். அது தானாகவே கசிந்துகொண்டிருக்கும். ஆதலால் 64 மில்லிவிநாடிக்குள் ஒருமுறை, அதாவது விநாடிக்குப் பதினைந்து முறைக்கும் மேல், எல்லா அறைகளையும் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் மறந்துவிடும். ஹிஃப்ழ் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். தவ்ர் ஓதுவதன் சிரமம் அவர்களுக்குத்தானே தெரியும்.

இனி அந்தக் கணினியின் உண்மையான நோய்க்கு வருவோம். ஒரு மூலையில் இருந்த உலோகப் பெட்டியைத் தம்பி தொட்டுக் காட்டினார். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதற்குள் கண்ணாடி போல் பளபளக்கும் வட்டத் தகடுகள் நிமிடத்திற்கு 5,400 முறை, அதாவது விநாடிக்கு 90 முறை சுழல்கின்றன. அவற்றின்மேல் ஒரு முனை, தகட்டைத் தொடாமல், தலைமுடியின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் மிதந்து, காந்தப் புள்ளிகளைப் படிக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது கணினியைத் தொப்பென்று வைத்தால் அந்த முனை தகட்டில் மோதும். மோதிய இடம் மீளாது. கல்லூரிப் பேருந்தில் நாள்தோறும் குலுங்கிச் செல்லும் ஒரு பொருளுக்கு இத்தனை நுட்பமான உள்ளுறுப்பு இருப்பதை அந்தப் பெண் அன்றுதான் அறிந்தாள். மூடிவிட்டால் அணைந்துவிடும் என்று நினைத்து, உறக்க நிலைக்குப் போகாமல் ஓடிக்கொண்டிருந்த கணினியையே பைக்குள் வைத்துச் சென்ற நாட்களும் உண்டாம்.

ஹார்ட் டிஸ்க் தன் நோய்க்குறிப்பைத் தானே எழுதிவைக்கும் இயல்புடையது. கெட்டுப்போன பகுதிகள் எத்தனை, எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்பன எல்லாம் அதற்குள்ளேயே பதிவாகின்றன. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். இந்த டிஸ்க்கிற்கு அது மஞ்சள் நிற எச்சரிக்கை காட்டியது. கெட்ட பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்றே கால் மணி நேரம் கழிந்திருக்கிறது. போர்டு நன்றாகவே இருந்தது.

தம்பி அதனிடத்தில் 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினார். அதில் சுழலும் தகடு இல்லை, முனை இல்லை, ஓசையும் இல்லை. மிக நுண்ணிய அறைகளில் மின்னூட்டத்தை அடைத்துவைக்கிறது. ராம் போலன்றி, மின்சாரம் போனாலும் அது கசியாமல் ஆண்டுக்கணக்கில் நிற்கும். பழைய டிஸ்க் ஒரு தகவலைத் தேடிச்செல்ல எடுக்கும் நேரத்தில் இது நூறு தகவல்களை எடுத்துவிடும். காலியாக இருந்த குழியில் இன்னொரு 4 ஜிபி ராம் பட்டையும் வைத்தார். இரண்டும் கூலியும் சேர்த்து 4,200 ரூபாய். கடையில் சொன்ன புதிய கணினியின் விலை 36,000. எஸ்எஸ்டிக்கும் குறை உண்டு. அதில் எழுதக்கூடிய தடவைகளுக்கு எல்லை உண்டு. சாகும்போது பெரும்பாலும் முன்னறிவிப்பின்றிச் சாகும். ஆகையால் முக்கியமானவற்றுக்கு வேறோர் இடத்தில் படி எடுத்துவைப்பது தேவையே.

எந்த இயங்குதளம் இடுவது என்ற கேள்வி எழுந்தது. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட்டின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பிராசசரும் பாதுகாப்புச் சில்லும் அந்தக் கணினியில் இல்லை. ஆகவே லினக்ஸ் இட்டார். அரசு மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் என்னும் இந்திய இயங்குதளமும் வந்ததுண்டு; சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. வாங்கிய மறுவாரமே அதை அழிக்கச் சொல்லிக் கடைக்குப் போன பிள்ளைகள் நம் தெருவில் அநேகர்.

மற்ற பாகங்களை விரைவாகவே பார்த்தோம். இரண்டு மெல்லிய கம்பிகள் இணைந்த வைஃபை அட்டை. அந்தக் கம்பிகள் கீல் வழியே திரையின் ஓரங்களுக்கு ஏறுகின்றன, ஆன்டெனா அங்கே இருக்கிறது. திரைக்குச் செல்லும் கேபிளும் அதே கீல் வழியேதான் போகிறது. மூடியை அசைக்கும்போது திரை மினுங்கினால் பெரும்பாலும் கேபிளே குற்றவாளி. திரை மாற்றச் சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம்.

ஒரு சிறு பாகத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்வோம், ஏனென்றால் அது பலரை ஏமாற்றுகிறது. ஐந்து ரூபாய் நாணயத்தை நினைவூட்டும் ஒரு பொத்தான் பேட்டரி போர்டில் இருக்கும். பெரும்பாலும் சிஆர்2032 என்று அதன்மேல் எழுதியிருக்கும், 3 வோல்ட். பெரிய பேட்டரி முற்றிலும் தீர்ந்த நிலையிலும் கணினியின் கடிகாரத்தை ஓடச்செய்வது இதுவே. இது செத்துப்போனால் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். அப்போது கணினி தவறான தேதியில் நின்றுகொண்டு, இணையதளங்களின் சான்றிதழ்கள் எல்லாம் செல்லாதவை என்று சொல்லி எதையும் திறக்க மறுக்கும். தொழுகை நேரம் காட்டும் மென்பொருளும் வேறொரு நாளின் நேரத்தைக் காட்டும். வைரஸ் புகுந்துவிட்டது என்று முந்நூறும் ஐந்நூறும் வாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பொத்தானின் விலை நாற்பது ஐம்பது ரூபாய்.

வேலை முடிந்தபின் தம்பி செய்த ஒரு காரியமே அன்றைய நாளில் நம் மனத்தை மிகவும் தொட்டது. கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தம் பைக்குள் போட்டுக்கொள்ளாமல் அந்தத் தாயாரின் கையில் கொடுத்தார்.

"இத எந்தக் கடையிலயும் விட்டுட்டு வராதீங்க உம்மா. இதுக்குள்ள உங்க வீடே இருக்கு."

மகனின் நிக்காஹ் படங்கள், மகள்களின் படங்கள், மறைந்த கணவரின் படங்கள், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் அதற்குள் இருந்தன. அழித்துவிட்டோம் என்று நாம் நம்புவது பெரும்பாலும் மெய்யான அழிப்பன்று. கிதாபின் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழித்து எறிந்தால் உள்ளே பாடங்கள் அப்படியே இருக்கும் அல்லவா? ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பை அழிப்பதும் அத்தகையதே. வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை, தெரிந்தவர் அதை மீட்டெடுப்பார். புறத்தில் இவ்வளவு பேணுதலாக இருக்கும் நம் குடும்பங்கள், பழுதான டிஸ்க்கை விலை பேசாமல் கடையிலேயே விட்டுவருவதை நாம் கண்டிருக்கிறோம். பாகம் எது, அதன் வேலை எது என்று தெரியாததே காரணம். ராம் பட்டையைக் கடையில் விட்டுவரலாம், அதில் ஒன்றுமில்லை. ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் அமானத். நல்ல நிலையில் இருந்தால் யுஎஸ்பி உறையில் இட்டுப் படங்கள் சேமிக்கப் பயன்படுத்தலாம். விற்பதானால் முழுவதும் மேலெழுதி அழிக்கும் மென்பொருளை ஓடவிட வேண்டும். கெட்டுப்போனதானால் ஹார்ட் டிஸ்க்கின் தகடுகளில் துளையிட்டுவிட வேண்டும்.

விற்பது என்றவுடன் வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. அரசு கொடுத்ததை விற்பது அந்தத் திட்டத்தின் நோக்கத்திற்கே மாறானது. நாம் சொல்வது சொந்தமாக வாங்கியவற்றை. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, அதை மேலே வைத்து மக்கள் காணும்படி விற்றிருக்கலாகாதா என்று வணிகரைக் கேட்ட நிகழ்ச்சியை மக்தபு பிள்ளைகளும் அறிவார்கள். பழைய மடிக்கணினிச் சந்தை முழுவதும் இத்தகைய குவியலே. மேல்மூடிக்குப் புதிய ஒட்டுப்படம், விசைப்பலகைக்குத் துடைப்பு. ஈரம் உள்ளே இருக்கிறது. வாங்குபவர் கையை நுழைத்துப் பார்க்க வழியிருக்கிறது. விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ராம் எவ்வளவு, எத்தனை குழிகள், டிஸ்க் எவ்வகை என்பதை அங்கே காணலாம். பேட்டரி அறிக்கை ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இன்றுள்ள கொள்ளளவும் அருகருகே இருக்கும். முன்னது 40,000 என்றும் பின்னது 16,000 என்றும் இருந்தால் பேட்டரிக்கு வேறு செலவு காத்திருக்கிறது. விற்கும் நிலையில் நாம் இருந்தால், கேட்கப்படுமுன் அந்த அறிக்கையை நாமே எடுத்துக் காட்டுவதுதான் கடமை. குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஃபிக்ஹு நூல்கள் வாங்குபவருக்குத் தருகின்றன. குறை தெரியாது என்று சொல்லித் தப்புவதற்கு, இந்தப் பாகங்களைப் பற்றிய நம் அறியாமை வசதியாக இருந்துவிடக் கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் செய்தி பரவியது. அடுத்த வாரம் ஏழு மடிக்கணினிகள் வந்து சேர்ந்தன. இரண்டிற்குக் கெட்டிருந்தது சார்ஜர் மட்டுமே. இரண்டிற்கு ஹார்ட் டிஸ்க். ஒன்றிற்குத் திரை உடைந்திருந்தது. அதைச் சரிசெய்யும் செலவு தகாது என்று தம்பி நேராகவே சொன்னார். ஒன்றிற்கு மெய்யாகவே போர்டு போயிருந்தது, தண்ணீர் கொட்டி உள்ளே பச்சை பூத்திருந்தது. அதிலிருந்த ராம் பட்டையைக் கழற்றி, அவ்வீட்டார் சம்மதத்துடன், வேறொரு பிள்ளையின் கணினியில் வைத்தார்.

ஏழாவதைப் பார்த்ததும் அவர் பிள்ளைகளைத் தள்ளி உட்காரச் சொன்னார். அடிமூடி உப்பிக் கிடந்தது. லித்தியம் அயான் பேட்டரி மூப்படையும்போதும் சூட்டில் கிடக்கும்போதும் உள்ளே வாயு சேர்ந்து இப்படி வீங்கும். அதை அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜ் போடவே கூடாது, தீப்பற்றும். அந்த வீட்டில் வீக்கம் தெரியாமலிருக்க மேலே கனமான கிதாபுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பேட்டரியைப் பக்குவமாகக் கழற்றியபின், இல்லாமலேயே சார்ஜரில் அந்தக் கணினி ஓடியது.

கழற்றியதை என்ன செய்வது என்று கேட்டபோது, "கால்வாயில போட்டுறலாம்" என்றான் ஒரு சிறுவன். நம் ஊரில் எல்லாமே கடைசியில் அங்கேதான் போகிறது. அந்தத் தண்ணீரில்தான் சேரன்மகாதேவி வரை வயல் விளைகிறது என்பதை அவனுக்குச் சொன்னோம். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் இதை வீட்டுக் குப்பையோடு சேர்க்கலாகாது, தனியே பிரித்துச் சேகரிப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்கின்றன. தற்போது அது மணல் நிரப்பிய தகர டப்பாவில், வெயில் படாத மூலையில், எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாமல் இருக்கிறது. திருநெல்வேலிக்குச் சரக்கு எடுக்கப் போகும்போது சேகரிப்பு நிலையத்தில் கொடுத்துவிடுவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார், இன்ஷா அல்லாஹ். உங்கள் வீட்டுப் பீரோவின் மேலே இருக்கும் பையையும் இன்று ஒருமுறை இறக்கி, அடிமூடியை மட்டுமாவது தடவிப் பாருங்கள்.